உதடு ஒட்டும் எழுத்து

பிப்ரவரி 27, 2012, திங்கள்

கரண்ட் போனால் வாயை மூடு. எங்கள் சங்கத்துக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. ஆனால் முதல் சட்டம் இதுதான்.

மில்லுக்குள் வராதவர்களுக்கு இது விளங்காது. நூற்பு ஷெட்டில் பிரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். நாலு பிரேம் தள்ளி நிற்பவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உதடு ஒட்டும் எழுத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. ‘பா’வும் ‘மா’வும் வாயில் ஒன்றுதான். ‘மாமா வந்தாரா’ என்று ஒருத்தி கேட்டதற்கு ‘பாப்பா தூங்குது’ என்று பதில் சொன்ன கதையெல்லாம் எங்கள் ஷெட்டில் உண்டு. மற்றபடி தப்பாது. சத்தம்தான் எங்களுக்கு மறைப்பு. மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்றாலும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் பழக்கதோஷம், வாயை அசைத்தால் குரலும் கூடவே வந்துவிடும். இந்த வருஷக் கரண்ட் கட்டில் நினைத்த நேரத்துக்குப் பிரேம் நின்றுவிடுகிறது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஷெட் மயானம். அப்போது யார் வாயில் எந்த வார்த்தை இருந்ததோ அது எல்லாருக்கும் கேட்கும். போன மாதம் ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அதே ஷெட்டின் மறுகோடியில் நூல் கோன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. அட்டையில் யூரியா மூட்டை. மனதில் கிடப்பதை இனி இதில் எழுதுவதாக இருக்கிறேன். வாயில் சொல்ல ஆள் இல்லை. எங்களுக்குள் ஒரு கருங்காலி இருக்கிறது.

ஏப்ரலில் ஷெட் முழுவதையும் கான்ட்ராக்டுக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு. ஹாஸ்டலில் அடைத்துவைத்திருக்கும் தேனிப்பக்கத்துப் பெண்களும் ஒரிசாப் பையன்களும் பிரேம் ஓட்டுவார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டால் கேள்வி கேட்கவாவது வழி இருக்கும். நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் கூடினோம். இன்று காலை ஷெட்டுக்கு அதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டர் எல்லாரையும் நிற்கவைத்து, “கோயிலுக்குப் போனா சாமி கும்பிடோணும். கூட்டம் கும்பிடக் கூடாது” என்றார்.

எப்படித் தெரிந்தது?

அடுத்த பிரேமில் நிற்கும் நாயகியக்காவிடம் கேட்டேன். எனக்கு எட்டு வயது மூத்தவள். சங்கத்துக்குத் தலைவியாக அவளைத்தான் போடுவதாக இருக்கிறோம். அவளுடைய அப்பா, மூடிப்போன பழைய மில்லில் சங்கக்காரர். ஒரு வேலைநிறுத்தத்தில் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவருக்குக் கருங்காலி என்று பேர் வந்ததாம். “ஆளு செத்தே போய்ட்டாரு. இன்னிக்கும் அது கருங்காலி வூடுதான். பேரு வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு நாலு தடவ யோசிக்கோணும் துளசி” என்றாள்.

ஏன் யோசிக்கச் சொல்கிறாள்?

பிப்ரவரி 29, புதன்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாள். டைரியில் இடம் விட்டிருக்கிறார்கள், வீணாக்குவானேன்.

கரண்ட் வந்ததும் மாவாட்டி, தண்ணி ஏற்றி, துணியை அயர்ன் செய்து முடிப்பதற்குள் மறுபடி போய்விட்டது. சட்னியைப் பாதி அம்மியில் அரைத்தேன்.

என் வீட்டுக்காரர் பேர் மௌனசாமி. பேருக்கு ஏற்ற ஆள். லேத் பட்டறையில் இருந்தார். கரண்ட் இல்லாமல் தீபாவளியோடு பட்டறையை மூடிவிட்டார்கள். அப்புறம் பொங்கல் வரைக்கும் மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். ஷேவ்கூடச் செய்யவில்லை. இப்போது லேபர் கான்ட்ராக்டரிடம் வேன் ஓட்டுகிறார். ஹாஸ்டல் பெண்களை ஏற்றி இறக்குகிற வேலை. எங்களை வெளியே தள்ளப்போகிற அதே கான்ட்ராக்டர்தான். அதற்கு இவர் என்ன செய்வார், ஸ்டீயரிங் பிடிப்பதோடு சரி.

வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து முகத்தில் களை வந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் “அப்பறம், மில்லுல என்ன நடக்குது?” என்று கேட்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசுவதைக் கூரை உத்தரம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதுதான் மனுஷர் கேட்கிறார். மேகலா பாத்ரூமில் வைத்துப் பெண்களிடம் சங்கத்துக்குப் பேர் சேர்க்கிறாள் என்று சொன்னேன்.

“யாரு, அந்தக் கைக்கொழந்தக்காரியா? அவளுக்கு அவ்வளவு தெகிரியமா?” என்று ஆச்சரியப்பட்டார்.

பிறகு அவருக்குப் போன் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினார். அந்த மூலையில்தான் டவர் கிடைக்கிறதாம்.

மார்ச் 2, வெள்ளி

எழுத மனசு வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மாஸ்டர் ரூம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருந்து எங்களைப் பார்க்கக் கட்டியது. வெளியிலிருந்தும் உள்ளே தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இன்று அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். மாஸ்டர் முன்னால் நாயகியக்கா நின்றுகொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு. நாயகியக்கா யார் முன்னாலும் கை கட்டி நான் பார்த்ததில்லை.

அவள் வாய் எனக்கு நேராக இருந்தது. “மேகலாவ மாத்திப் போடுங்க” என்றாள். இரண்டு தடவை சொன்னாள். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 5, திங்கள்

மேகலாவை நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து மாதக் குழந்தை அவளுக்கு. புருஷன் திருப்பூரில் வேலை, வாரம் ஒருமுறை வருவான். நைட் ஷிப்டில் முக்கால்வாசி ஹாஸ்டல் பெண்கள், அவர்களிடம் பேசவே விடமாட்டார்கள். பேர் சேர்ப்பது நின்றுபோயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூட்டி, கண்ணாடி ரூமில் பார்த்ததைச் சொன்னேன். ஒருத்திகூட நம்பமாட்டேன் என்று சொல்லவில்லை. “அதான் பேரு வெக்காதே, யோசின்னு சொன்னாளா” என்று ஒருத்தி கேட்டாள். நான்தான் அதையும் சொல்லியிருந்தேன்.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நாயகியா? நாயகியேதானா? நல்லாப் பாத்தியா?” என்றார். நல்ல மனசு, யாரையும் தப்பாக நினைக்கமாட்டார்.

மார்ச் 6, செவ்வாய்

யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் செய்தோம். எங்கள் ஷெட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், எதிரே நிற்பவள் ஊமை.

மார்ச் 10, சனி

ரேஷனில் பாமாயில் இல்லை.

நாயகி இன்று வீட்டுக்கு வந்தாள். அக்கா என்று எழுதக் கை வரவில்லை. கதவைப் பாதி திறந்து நின்றேன்.

“நான் என்ன பண்ணுனேன்னு ஒரு வார்த்த சொல்லு துளசி. வேறொண்ணும் கேக்கல.”

“உங்களுக்கே தெரியுமுங்க.”

“தெரிஞ்சா ஏன் வந்து கேக்கறேன்? எங்கப்பன் பேரச் சொல்லித்தான் எனக்கு அந்த மில்லுல மரியாத. நேத்து ஒருத்தி என்ற பிரேம்ல சாக்பீஸ்ல கருங்காலின்னு எழுதி வெச்சிருக்கறா. தொடச்சேன். தொடச்சுக்கிட்டே இழைய ஒட்டுறேன், கண்ணு தெரியல.”

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அழாமல் இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. வீட்டுக்காரர் உள்ளே இருந்து எழுந்து வந்து, “உள்ள வாங்கக்கா, தண்ணி குடிங்க” என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் “வேண்டாந் தம்பி” என்று போய்விட்டாள். இவர் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மாவு புளித்துவிட்டதென்றார். புளிக்கவில்லை.

மார்ச் 14, புதன்

தோழர் சிங்காரத்தைப் பார்த்தேன். டவுனில் சங்க ஆபீசில் இருப்பவர், எங்கள் பதிவு வேலையை அவர்தான் பார்க்கிறார். நாயகி விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு சொல்லுவாங்களேம்மா. அந்தம்மாகிட்ட நேரா விசாரிச்சீங்களா?” என்றார்.

கண்ணால் காண்பது பொய் என்றால் ஷெட்டில் நாங்கள் பேசுவதெல்லாமே பொய்யா? ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும். அவளுக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சட்டைப்பையில் புதுப் பேனா, புது வாட்ச்.

மேஸ்திரி நாங்கள் ஆறு சைடு பார்க்க வேண்டும் என்கிறார். இதுவரை ஆளுக்கு நாலு. பிரேமின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சைடு, அங்கே அறுகிற இழையை ஓடி ஓடி ஒட்டுவதுதான் எங்கள் வேலை. ஆறு என்றால் ஓட்டப்பந்தயம். முடியாதவர்கள் தாங்களாகவே நின்றுகொள்வார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள்.

மார்ச் 17, சனி

நாளைக் கூட்டம் எங்கே என்று இந்த முறை பெண்களுக்கே சொல்லவில்லை. எனக்கும் தோழருக்கும் மட்டும்தான் தெரியும். பஸ் ஸ்டாப்பில் எல்லாரையும் சேர்த்து நானே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நாயகிக்குக் கூட்டம் இருப்பதே தெரியாது. ஒரு ஈ காக்கையிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

வெயில் கொளுத்துகிறது. இவர் பாவம், “நாளைக்கு வண்டி சும்மாதான் நிக்குது, எறக்கி உடட்டுமா? எங்க போவோணும்?” என்றார். தென்னந்தோப்புப் பம்பு ரூமுக்குத்தானே, நடந்தே போய்விடுவேன், அந்த வேனில் வந்து இறங்கினால் பெண்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்றேன். சிரித்தார். தலைக்கு முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

மார்ச் 18, ஞாயிறு

தோப்பு வாசலில் மேஸ்திரியின் பைக். பம்பு ரூம் திட்டில் மேஸ்திரியே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். “வாங்கம்மிணி, எல்லாருமா எங்க? குளிக்கவா?” என்றார்.

பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். மீதிப்பேர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நெருப்பு.

இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. அப்படியானால் தோழர்தான். அந்த வாட்ச்.

மார்ச் 20, செவ்வாய்

காலையில் குழாயடியில் மேகலாவைப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கினாள். ராத்திரி குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

“நாயகியக்காதான். வேறாரு இருக்கறாங்க எனக்கு? அவங்க இல்லீன்னா வேலைய விட்டுட்டு எங்கம்மா வூட்டுக்கே போயிருப்பேன். முன்னாடியே மேஸ்திரி வாயில கேட்டு, என்னய நைட்டுக்குத் தள்ளப் போறாங்கன்னு தெரிஞ்சு, மாஸ்டருகிட்டயே போய்க் கேட்டாங்க துளசிக்கா. பச்சப் புள்ளக்காரி, கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு. கைகட்டிக் கேட்டாங்களாம். அந்தாளு சரி சரின்னு தலையாட்டிப்போட்டு நைட்டுக்கே போட்டுட்டான்.”

குடம் நிரம்பி வழிந்தது. அவள்தான் எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். குரல் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். மாத்திப் போடுங்க. பாத்துப் போடுங்க. மறுபடி. வேகமாக, மெதுவாக, தலையைச் சாய்த்து. உதடு ஒட்டுகிறது, பிரிகிறது. கண்ணாடியில் இருந்தவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று இருக்கிறது. அவள் இல்லையென்றால் வேறு யார்? அது தெரியாமல் பெண்களிடம் போய் என்ன சொல்வது. முழுசாகத் தெரியட்டும்.

மார்ச் 21, புதன்

நாயகி பிரேமில் இன்றும் சாக்பீஸ். நான் கடந்து போனேன்.

மார்ச் 23, வெள்ளி

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு எதிரே பூக்கடையில் நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன் நின்றது. ஹாஸ்டல் பெண்கள் இன்னும் வரவில்லை. இவர் உள்ளே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். தூசிக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தார். இவர் போன் பேசும்போது முகத்தை நேராகப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. எப்போதும் சுவர்ப்பக்கம்தானே.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் ஒட்டுக்கேட்க நிற்கவில்லை. வாய் அசைந்தால் என் கண் தானாகப் படிக்கும், பழக்கம்.

“போன ஞாயித்துக்கெழம...” என்றார். நடுவில் ஒரு லாரி போயிற்று. லாரி போனதும் வாய் மறுபடி தெரிந்தது. எதிர்முனையில் இருப்பவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும், யார் சொன்னது என்று. இவர் தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து சொன்னார்.

“துளசிதான் சொன்னா.”

ஐயோ, தப்பாகப் பார்த்திருப்பேன் என்று உடனே எனக்குள் ஒருத்தி சொன்னாள். ஏற்கெனவே ஒருமுறை தப்பாகப் பார்த்தவள்தானே. நின்ற இடத்திலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். துளசிதான் சொன்னா. துளசிதான் சொன்னா. ப இல்லை. ம இல்லை. உதடு ஒட்டுகிற எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. அதுவும் என் பேர். அந்த வாய் என் பேரைச் சொல்வதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூக்காரி பூவைக் கையில் திணித்துவிட்டு, “காது கேக்கலியா அம்மிணி, எத்தன தடவ கூப்புடறது” என்றாள். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பூ வைத்தேன். எனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மார்ச் 24, சனி

சாப்பிட உட்கார்ந்தார். அவராகவே கேட்டார்.

“ஏம்புள்ள, நாளைக்குக் கூட்டம் கீட்டம் உண்டா? எங்க?”

அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து வாயைத் திறந்தேன். குரலை விடவில்லை. ஷெட்டில் பேசுவதுபோல உதட்டால் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மேகலாவைச் சொன்னேன். தோப்பைச் சொன்னேன். சுவர் மூலையில் கிடைக்கும் டவரைச் சொன்னேன். நாயகியக்காவை நான் என்ன செய்துவிட்டேன் என்று சொன்னேன்.

“சத்தமாச் சொல்லு, கேக்கல” என்றார்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவருக்கு என் வாயைப் படிக்கத் தெரியாது. லேத்துக்காரர், அவருக்கு இரும்பு தெரியும். ஆனால் பாதியில் ஏதோ புரிந்துவிட்டது. சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“உனக்கு ஒண்ணும் ஆவாது துளசி,” என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு. “எல்லாரையும் எடுத்தாலும் உன்னய எடுக்க மாட்டாங்க. சொல்லியிருக்கறாங்க. மறுக்கா அந்தக் கூரையப் பாத்துட்டுப் படுக்க என்னால ஆவாது புள்ள.”

காய்ந்துபோன கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

மார்ச் 26, திங்கள்

நாயகியக்காவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். பிரேம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் எதிரே போய் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பினாள். நாங்கள் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்கிறாள், நியாயம்தான். பிரேமைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அந்தப் பக்கமும் திருப்பினாள். முகம் காட்டாதவளிடம் எப்படிப் பேசுவது. கிட்டப் போய்ப் பிரேம்மேல் சாய்ந்து, காதோரம் என் பலம் கொண்டமட்டும் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினேன்.

கரண்ட் போயிற்று.

“...நீங்க இல்லக்கா! காட்டிக் குடுத்தது என்ற வூட்டுக்காரரு! நான் போய்ச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் போச்சு! உங்களக் கருங்காலின்னு சொன்னதும் நாந்தான்!”

ஷெட் முழுக்க என் குரல். கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வாயை மூட வேண்டும் என்று நினைவு வந்தபோது மூட ஒன்றும் மிச்சமில்லை. எல்லாப் பெண்களும் கையில் இழையோடு நின்றார்கள். மாஸ்டர் கண்ணாடி ரூமின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “என்ன அங்க? என்ன கூட்டம்?” என்றார்.

நாயகியக்கா திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். கையைக் கட்டவில்லை.

“கூட்டம் ஞாயித்துக்கெழமைங்க, என்ற வூட்டுல” என்றாள். நிதானமாக, ஷெட்டின் மறுகோடிக்கும் கேட்கிற குரலில். “எங்கன்னு ஆரும் ஆர்கிட்டயும் போன்போட்டுக் கேக்க வேண்டாம். நீங்களும் வாரதுன்னா வாங்க. காப்பி வெக்கறேன்.”

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. மாஸ்டர் திரும்பிக் கண்ணாடி ரூமுக்குள் போனார்.

அப்புறம்தான் நாயகியக்கா என் பக்கம் பார்த்தாள். மன்னித்த முகம் இல்லை அது, அப்படி எழுதினால் பொய். நான் இன்னும் பிரேம்மேல் சாய்ந்தபடி நின்றிருந்தேன், முந்தானை நூல் சுற்றும் கதிர்களுக்கு மேல் கிடந்தது. வெளியே ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. அவள் முந்தானையை எடுத்து என் இடுப்பில் செருகினாள்.

“பாத்து நில்லு. பிரேமு ஓடப் போவுது.”

காதால் கேட்டேன். ப தான்.